ஏழாவது கேள்வி

கார்வர்ஸ் பெண்டில் நீதிபதிகளை யாருக்கும் தெரியாது. ஆளுநரைத் தெரியும், அவரைத் திட்டவும் தெரியும். ஓட்டுச்சீட்டின் அடிப்பக்கத்தில் வரிசை கட்டி நிற்கும் நீதிபதிப் பெயர்களுக்கு வந்ததும் ஊரே திருதிருவென்று முழிக்கும். ஒஹாயோவில் நீதிபதியையும் ஜனங்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று சட்டம் எழுதிய புண்ணியவான்கள், அந்த ஜனங்கள் அவரை எங்கே போய்ப் பார்த்துத் தெரிந்துகொள்வது என்று எழுதாமல் விட்டுவிட்டார்கள். நீதிமன்றத்தில் போய் நின்றால் நன்றாகவே தெரிந்துகொள்ளலாம். அப்படித் தெரிந்துகொள்ள யாருக்கு ஆசை?

அதற்காகத்தான் மஞ்சள் அட்டை. ஊரில் உள்ள தொழிற்சங்கங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு வைத்திருக்கின்றன. தேர்தல் வந்தால் அதன் தேர்வுக் குழு, நிற்கிறவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேள்வி கேட்கும். பிறகு கை தூக்கி முடிவு செய்து, ஆதரிக்கும் பெயர்களை மஞ்சள் அட்டையில் அச்சடித்து வீடு வீடாகக் கொடுக்கும். ஜனங்கள் அட்டையைப் பையில் போட்டுக்கொண்டு போய், அதில் உள்ளபடியே குத்திவிட்டு வருவார்கள். அட்டையில் பெயர் வந்த நீதிபதி இந்த வட்டாரத்தில் தோற்றதாக யாருக்கும் ஞாபகம் இல்லை.

அந்தக் குழுவுக்குத் தலைவி டார்லா ப்ளாஸ்கோ. ஐம்பத்திரண்டு வயது. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். குழுவில் மொத்தம் ஏழு பேர். தலைவிக்கு ஓட்டு கிடையாது. மற்ற ஆறு பேர் மூன்றும் மூன்றுமாகப் பிரிந்தால் மட்டும் அவள் கையைத் தூக்கலாம். பதினொரு வருஷத்தில் ஒரே ஒரு தடவைதான் அவள் கைக்கு வேலை வந்தது. அன்றைக்குத் தூக்கிய கையை வெட்டிப் போட்டால்கூட ஆத்திரம் தீராது என்று அவளுக்கு இந்த இரண்டு வருஷமாகத் தோன்றிக்கொண்டே இருக்கிறது.

புதன்கிழமை மதியம், பிள்ளைகளை ஏற்றிவரக் கிளம்பும் நேரம், சட்டசபை உறுப்பினர் லைல் டாகெட் இரண்டு காபியோடு பஸ் ஷெட்டில் வந்து நின்றார்.

குழுவுக்கு ஒரு விதி உண்டு. விண்ணப்பம் கொடுத்த நாளிலிருந்து குழுவின் ஓட்டெடுப்பு முடியும்வரை, நிற்கிறவர் யாரும் குழுவில் இருப்பவர்கள் வீட்டுப் படி ஏறக் கூடாது. எந்தக் காலத்திலோ ஒருத்தர் கிறிஸ்துமஸுக்கு ஏழு பேர் வீட்டிலும் ஆளுக்கொரு முழுப் பன்றித்தொடையை இறக்கிவிட்டுப் போனார். அந்த அசிங்கத்துக்குப் பிறகு போட்ட விதி. ஊரில் இன்றைக்கும் அதற்கு 'பன்றித்தொடை விதி' என்றுதான் பெயர்.

"வீட்டுக்குத்தான வரக் கூடாது. பஸ் ஷெட்டுக்கு வரலாம்ல" என்றார் லைல்.

"அதான் காபியோட வந்துட்டீங்களே. சொல்லுங்க."

லைல் கெட்டவர் இல்லை. அதுதான் சங்கடம். டார்லாவின் மகள் டெஸ்ஸாவை அடக்கம் செய்த அன்று மழையில் தொப்பி இல்லாமல் கடைசிவரை நின்றவர் அவர். அந்த மசோதாவை எழுதிக் கொண்டுவந்தவரும் அவர்தான். ஒரு பெண் வந்து, இவன் என்னைக் கொன்றுவிடுவான், என் பக்கத்தில் வரக் கூடாது என்று உத்தரவு போடுங்கள் என்று கேட்டு, நீதிபதி மறுத்தால், ஏன் மறுத்தேன் என்று அவர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மறுநாளே இன்னொரு நீதிபதி அந்த மனுவைத் திரும்பப் பார்க்க வேண்டும். மசோதா அவ்வளவுதான், இரண்டே பக்கம். அதற்கு நீளமான பெயர் ஒன்று இருந்தாலும் ஊரில் எல்லாரும் டெஸ்ஸா சட்டம் என்றே சொன்னார்கள்.

"மசோதா சட்டசபையில என் குழுவுலதான் இருக்கு" என்றார் லைல். "தேர்தல் முடிஞ்சதும் எடுத்துடுவேன். டிசம்பருக்குள்ள முடிஞ்சிரும். தலைநகர்ல பேச வேண்டியவங்ககிட்ட எல்லாம் பேசிட்டேன்."

"நல்லது."

"ஆனா பாரு டார்லா. ஜட்ஜ் வெண்டல் என் தங்கச்சி புருஷன்."

டார்லா காபியை வாய்க்குக் கொண்டுபோகாமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"அட்டையில நான் இருந்து அவன் இல்லன்னா அவன் தோத்துருவான். உன் பொண்ணு விஷயத்தாலதான் தோத்தான்னு ஊரே பேசும். அதுக்கப்புறம் அதே மசோதாவை நான் தூக்கிட்டு நின்னா, மச்சான் கழுத்துல கால வச்சு நிக்கிற மாதிரி ஆயிரும். தங்கச்சி என்னைத் தேங்க்ஸ்கிவிங் விருந்துக்குக்கூட உள்ள விடமாட்டா. அவன் ஜெயிச்சு உக்காந்துட்டான்னா, யாரையும் குறை சொல்லல, எல்லாருக்கும் பொதுவான நல்ல சட்டம்னு சொல்லிக்கலாம். புரியுதா?"

"புரியுது. மிரட்டுறீங்களா, கெஞ்சுறீங்களா? அது மட்டும் புரியல."

"எனக்கே தெரியல" என்றார் லைல்.

அவர் போன பிறகு டார்லா பஸ்ஸைக் கிளப்பினாள். அன்றைக்கு ஒரு நிறுத்தத்தில் ஏறிய பிள்ளைகளை எண்ணாமல் புறப்பட்டு, பின்னால் ஓடிவந்த ஒருத்திக்காகத் திரும்ப நிறுத்தினாள். பத்தொன்பது வருஷத்தில் அவள் அப்படிச் செய்ததே இல்லை.

நீதிபதி வெண்டல் ரைஸ்னரை அந்த நாற்காலியில் உட்காரவைத்ததே டார்லாவின் கைதான். சொல்லப்போனால் அவள் கைகூட இல்லை, டெஸ்ஸாவின் வாய்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் நடந்தது. குழுவில் குறிப்பு எழுதுகிற அம்மாள் மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். டெஸ்ஸாவுக்கு அப்போது பதினேழு வயது. பள்ளியில் இத்தனை மணி நேரம் ஊர்ப்பணி செய்ததாகக் கணக்குக் காட்ட வேண்டியிருந்ததால் குறிப்பெழுத அம்மாவோடு வந்து உட்கார்ந்தாள். குண்டு குண்டான கையெழுத்து. எல்லாருக்கும் ஒரே ஆறு கேள்வி, எல்லாருக்கும் ஒரே நீலத் தாள். நீதிபதிக்கு நிற்கிறவர்கள் எந்தக் கேள்விக்கும் பட்டும் படாமலும்தான் பதில் சொல்வார்கள், நாளைக்கு வரப்போகிற வழக்கைப் பற்றி இன்றைக்கு வாக்குக் கொடுக்கக் கூடாது என்று அவர்களுக்கு விதி. கேட்கிறவர்களுக்குக் கொட்டாவி வரும்.

குழுவில் ஆர்லோ மசூர் என்று ஒரு கிழவர், குழாய் பொருத்துகிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தூங்கி விழுந்துகொண்டிருந்தவர் திடீரென்று டெஸ்ஸாவைப் பார்த்து, "ஏம்மா, நாங்க கேட்டதுதான் உருப்படல. நீ ஒண்ணு கேளேன்" என்றார்.

டெஸ்ஸா பேனாவைக் கீழே வைக்காமலே கேட்டாள். "நீங்க தப்பாத் தீர்ப்புச் சொல்லிட்டீங்கன்னு பின்னாடி தெரிஞ்சா என்ன பண்ணுவீங்க?"

அன்றைக்கு வந்த மற்ற இரண்டு பேரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: அதற்குத்தான் மேல்முறையீடு இருக்கிறது. வெண்டல் ரைஸ்னர் சும்மா இருந்தார். நெடுநேரம் சும்மா இருந்தார். பிறகு நாற்காலியைத் திருப்பிக் குழுவுக்குப் பக்கவாட்டைக் காட்டி, டெஸ்ஸாவைப் பார்த்து மட்டும் சொன்னார்.

"அந்த ஆளோட வீட்டுக்குப் போவேன். மூஞ்சியப் பாத்து, நான் தப்புப் பண்ணிட்டேன்னு சொல்லுவேன். என்னால முடிஞ்சது அதுதான்."

டெஸ்ஸா அதை வார்த்தைக்கு வார்த்தை எழுதினாள். அடியில், உறுப்பினர் கருத்து என்று இருந்த இடத்தில், தனக்கு அங்கே எழுத உரிமை இல்லை என்றுகூடத் தெரியாமல், 'கேட்கத் தெரிந்தவர்' என்று எழுதி இரண்டு கோடு போட்டாள். மூன்றுக்கு மூன்று ஆனது. டார்லா மகளைப் பார்த்தாள். மகள் தலையை ஆட்டினாள். டார்லா கையைத் தூக்கினாள். அதிலிருந்து நீலத் தாளில் ஏழாவது கேள்வியாக டெஸ்ஸாவின் கேள்வியும் அச்சாகிறது.

நாலு வருஷம் கழித்து டெஸ்ஸா அதே மனிதர் முன்னால் போய் நின்றாள். டெரெக் என்று ஒருத்தனோடு இருந்து, அடி வாங்கி, விட்டுவிட்டு அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். அவன் அனுப்பிய செய்திகள் போனில் நூற்றுக்கு மேல் இருந்தன. வெள்ளிக்கிழமை பிற்பகல். அன்றைய பட்டியலில் கடைசி மனு அவளுடையது. டார்லா பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பயப்பட வேண்டாம், நமக்குத் தெரிந்த ஜட்ஜ்தான் என்று காரில் வரும்போது மகளிடம் சொன்னதும் அவள்தான். எல்லாம் நாலே நிமிஷத்தில் முடிந்தது. செய்திகளை மட்டும் வைத்து உடனடி ஆபத்து என்று முடிவு செய்ய முடியாது, முழு விசாரணைக்கு இரண்டு வாரம் கழித்து வாருங்கள் என்றார் நீதிபதி. போனை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

படி இறங்கும்போது டார்லா கொதித்தாள். டெஸ்ஸாதான் அம்மா தோளைத் தட்டினாள். "விடும்மா. அவர் கேட்டாரு. சரின்னு சொல்லல, அவ்ளோதான். ரெண்டு வாரம்தான?"

பதினோராம் நாள் டெரெக் அவள் வேலை பார்த்த மருந்துக்கடை வாசலில் காத்து நின்றான். முழு விசாரணைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.

ஒரு விஷயம் யாருக்கும் தெரியாது. டார்லா யாரிடமும் சொன்னதில்லை. டேட்டனில் இருக்கும் அக்கா, இந்த வீட்டை விற்றுவிட்டு என்னோடு வந்து இரு என்று மாதத்துக்கு ஒருதரம் போனில் அழுவாள். டார்லா ஏதாவது சாக்குச் சொல்வாள். உண்மையான காரணம், மனுவில் டெஸ்ஸா எழுதிக் கொடுத்த முகவரி இந்த வீடு. அந்த மனுஷன் வருவார். வீட்டுக்குப் போவேன், மூஞ்சியைப் பார்த்துச் சொல்வேன் என்றவர். வரும்போது வீட்டில் வேறு யாரோ இருந்தால்? பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்கே தெரியும். தெரிந்தும் இரண்டு வருஷம் வாசலில் கார் நிற்கிற சத்தம் கேட்டால் எழுந்து போய்த் திரைச்சீலையை விலக்கிப் பார்த்தாள். இந்தத் தேர்தலுக்கு முன்னால் ஒருநாளாவது வந்துவிடுவார் என்று அவள் உள்ளூர நம்பினாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் கூட்டமைப்புக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் குழு கூடியது. பெரிய பாத்திரத்தில் காபி கொதித்தது. யாரோ பிரோகிக் கொழுக்கட்டை கொண்டுவந்திருந்தார்கள். ஏற்கெனவே ஒருமுறை தேர்வானவர் திரும்ப வந்தால், அவருடைய பழைய நீலத் தாளை எடுத்து மேஜைமேல் வைப்பது வழக்கம். அலமாரியைத் திறந்து அந்தத் தாளை எடுத்தவர் ஆர்லோ. எடுத்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, தாளைத் திருப்பிக் கவிழ்த்து டார்லா முன்னால் வைத்தார்.

"நீ வேணா வெளிய இரு புள்ள. யாரும் ஒண்ணும் நினைக்கமாட்டாங்க."

"நான் வெளிய இருந்தா மூணுக்கு மூணுல நின்னுரும் ஆர்லோ. அப்ப யாரும் அட்டையில வரமாட்டாங்க."

"வராட்டிப் போறான். இவன் வராட்டி யாருக்கு நட்டம்?"

டார்லா தாளை நிமிர்த்தினாள். குண்டு குண்டான கையெழுத்து. புள்ளி வைக்க வேண்டிய இடத்தில் எல்லாம் குட்டி வட்டம். அந்த வட்டங்களுக்காக டெஸ்ஸா பள்ளியில் எத்தனை தடவை திட்டு வாங்கியிருப்பாள். அழுதால் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று டார்லா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

லைல் டாகெட்டுக்கு ஆறு கையும் எழுந்தது. நீதிபதிப் பதவிக்கு இரண்டு பேர். முதலில் ஜோன் ஹெரிக் என்ற வக்கீல் வந்தாள். நல்ல பெண். ஏழாவது கேள்விக்குக் கண் கலங்கி, "எனக்குத் தெரியல, அன்னிக்குத் தூக்கம் வராது" என்றாள். அவளைத் தேர்ந்தெடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று டார்லாவுக்கே இருந்தது.

பிறகு வெண்டல் ரைஸ்னர். தலை முழுக்க வெளுத்திருந்தது. எல்லாருக்கும் கை கொடுத்துக்கொண்டே வந்தவர் டார்லாவிடம் வந்ததும் கையை நீட்டலாமா வேண்டாமா என்று தயங்கினார். அவளே நீட்டினாள். ஆறு கேள்வியும் முடிந்தது. ஏழாவதைத் தலைவிதான் கேட்க வேண்டும்.

"நீங்க தப்பாத் தீர்ப்புச் சொல்லிட்டீங்கன்னு பின்னாடி தெரிஞ்சா என்ன பண்ணுவீங்க, ஜட்ஜ்?"

அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"என் முன்னால வந்த எந்த வழக்கைப் பத்தியும் நான் வெளிய பேசக் கூடாதுன்னு விதி. தப்பு நடந்தா திருத்தறதுக்கு மேல்கோர்ட்டு இருக்கு. அதுக்கு மேல நான் சொல்றதுக்கில்ல."

"நான் எந்த வழக்கையும் கேக்கல. பொதுவாத்தான் கேட்டேன்."

"பொதுவாவும் அதான் பதில்."

டார்லா புதுத் தாளில் அதை எழுதினாள். அவள் கையெழுத்து கோணல். இரண்டு தாளும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன.

அவர் போனதும் கை தூக்கினார்கள். ஹெரிக்குக்கு மூன்று. ரைஸ்னருக்கு மூன்று, அந்த மூன்று பேரும் டார்லாவின் முகத்தைப் பார்க்கவில்லை. லைல் அவர்களிடமும் பேசியிருந்தார். மூன்று பேரும் மசோதாவுக்காகத்தான் தூக்கினார்கள், அவள் மகளுக்காகத்தான் தூக்கினார்கள். அதுதான் கொடுமை.

"டார்லா" என்றார் ஆர்லோ மெதுவாக. "சட்டம் இன்னிக்கு இல்லன்னா நாளைக்கு வரும்."

"நாளைக்கும் யாராவது ஒருத்தி மனுவோட போய் நிப்பாளே ஆர்லோ. வெள்ளிக்கிழமை. கடைசி ஆளா. அவளுக்கும் அம்மா பின்பெஞ்சுல உக்காந்திருப்பா."

"அதுக்கு இவன் எதுக்கு?"

"இவர் இருந்தாத்தான் லைல் மசோதாவை எடுப்பாரு. அவர் எடுத்தாத்தான் மறுக்கிற ஜட்ஜ்கிட்ட எழுதி வாங்க முடியும். வேற வழி இருந்தாச் சொல்லுங்க, அத பண்றேன். நேத்து மதியத்துலேர்ந்து யோசிக்கிறேன். எனக்கு ஒண்ணும் தோணல."

யாருக்கும் தோன்றவில்லை. டார்லா கையைத் தூக்கினாள். ரைஸ்னருக்கு நாலு. தூக்கின கையை இறக்க மறந்து அப்படியே வைத்திருந்தாள். ஆர்லோதான் எழுந்து வந்து அதைப் பிடித்து இறக்கி, மேஜைமேல் வைத்து, கொஞ்ச நேரம் தன் கையால் மூடியிருந்தார்.

வெள்ளிக்கிழமை அட்டை அச்சாகிவிட்டது. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு டார்லாவின் வாசலில் ஒரு கார் வந்து நின்றது.

அவள் சமையலறையில் அட்டைகளைத் தெரு வாரியாக ரப்பர் பட்டை போட்டுப் பிரித்துக்கொண்டிருந்தாள். பழக்கதோஷம், எழுந்து போய்த் திரைச்சீலையை விலக்கினாள். வெண்டல் ரைஸ்னர். மனைவி இல்லை, லைல் இல்லை, தனியாக. காரை விட்டு இறங்கிக் கதவைச் சாத்தாமல் நின்று, வீட்டு எண்ணைப் பார்த்தார். கையில் எதுவும் இல்லை.

அவள் அடிவயிற்றிலிருந்து ஒரு சந்தோஷம் எழுந்தது. ஆமாம், சந்தோஷம்தான், வேறு என்ன சொல்வது? வந்துவிட்டாரே, டெஸ்ஸா, நீ எழுதினது சரிதான்டி, வந்துவிட்டார் பார் என்று ஒரு கணம் அந்த இரண்டு வருஷமும் அவளைவிட்டு இறங்கியது. இரண்டு எட்டு வைத்துக் கதவுப் பிடியைத் தொட்டபோதுதான் மேஜைமேல் இருந்த மஞ்சள் கட்டுகள் கண்ணில் பட்டன. வந்த சந்தோஷம் வந்த வேகத்திலேயே செத்துப்போனது.

கதவைத் திறந்தாள். உள்ளே வரச் சொல்லவில்லை.

"டார்லா" என்றார். "நான் தப்புப் பண்ணிட்டேன். அந்த போனை வாங்கிப் பாத்திருக்கணும். வாங்கல. வீட்டுக்குப் போற அவசரம். ரெண்டு வருஷமா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்த நாற்காலில உக்காரும்போது அந்தப் பொண்ணுதான் எதிர்ல நிக்கிறா. உங்ககிட்ட நேர்ல சொல்லணும்னு இருந்தேன்."

அவர் கண்ணில் நீர் நின்றது. பொய் அழுகை மாதிரி இல்லை. டார்லா அந்த முகத்தை ஓர் அங்குலம் விடாமல் தேடினாள். கடைசிப் பிள்ளை இறங்கின பிறகு பஸ்ஸில் ஒவ்வொரு இருக்கையின் அடியிலும் குனிந்து பார்ப்பாளே, அப்படித் தேடினாள்.

"ஏன் இன்னிக்கு வந்தீங்க?"

"என்ன?"

"புதன்கிழமை வந்திருக்கலாமே, ஜட்ஜ். வியாழக்கிழமை காலைலகூட வந்திருக்கலாம்."

"ஓட்டெடுப்புக்கு முன்னாடி வீட்டுக்கு வரக் கூடாதுன்னு உங்க விதி இருக்கே. வந்திருந்தா ஓட்டுக் கேக்க வந்தேன்னு நினைச்சிருப்பீங்க."

"அது மூணு வாரத்து விதி. அதுக்கு முன்னாடி ரெண்டு வருஷம் இருந்துச்சு. அப்ப எந்த விதியும் இல்ல."

அவர் திரும்பி, சாத்தாமல் விட்டு வந்த கார்க் கதவைப் பார்த்தார்.

"வக்கீல் வேணாம்னாரு" என்றார் கடைசியில். "தப்புன்னு நானே ஒத்துக்கிட்டா, நான் கொடுத்த பழைய தீர்ப்பையெல்லாம் கிளறுவாங்கன்னாரு. அப்புறம் தேர்தல் வந்துருச்சு. நேத்து அட்டையில என் பேரைப் பாத்ததும் என்னால தாங்க முடியல. நீங்கதான் கை தூக்கினீங்கன்னு லைல் சொன்னான். உடனே வரணும்னு தோணுச்சு."

"அதான். அட்டையைப் பாத்துட்டு வந்தீங்க."

"இல்ல டார்லா, நான் மனசாரத்தான்..."

"இருக்கலாம். நீங்க மனசாரவே வந்திருக்கலாம். ஆனா எனக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரிஞ்சுக்க வழியே இல்லாம போச்சே." அவள் உள்ளே மேஜைமேல் இருந்த மஞ்சள் கட்டுகளைக் காட்டினாள். "நீங்க மட்டும் பண்ணல. நானும்தான் பண்ணிட்டேன். கையத் தூக்காம இருந்திருந்தா, இன்னிக்கு நீங்க வந்திருந்தீங்கன்னா, நெசமாத்தான் வந்திருக்காருன்னு தெரிஞ்சிருக்கும். வராம இருந்திருந்தா அதுவும் தெரிஞ்சிருக்கும். நான் அதையும் வித்துட்டேன்."

அவள் உள்ளே போய் பழைய நீலத் தாளைக் கொண்டுவந்தாள். கோப்பிலிருந்து எடுக்கக் கூடாததுதான். வியாழக்கிழமை அவள் அதைப் பைக்குள் வைத்தபோது ஆர்லோ வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். தாளை நீதிபதியிடம் நீட்டினாள்.

"ஏழாவது. படிங்க."

அவர் படித்தார். உதடு அசைந்தது. அவர் சொன்னதே, வார்த்தைக்கு வார்த்தை. அதன் கீழே இரண்டு கோடு போட்ட இரண்டு வார்த்தை. எழுதியது யார் என்று அவருக்கு மெல்லப் புரிந்தது. மேஜை ஓரத்தில் பேனாவோடு உட்கார்ந்திருந்த அந்தப் பதினேழு வயதுப் பெண்ணையும், நாலு வருஷம் கழித்து எதிரில் வந்து நின்றவளையும் அவர் ஒன்றாக நினைத்துப் பார்த்ததே இல்லை போலிருக்கிறது. வாசற்படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"அவளா?"

"அவதான். அவ சொல்லித்தான் உங்களுக்கு மொத தடவை கை தூக்கினேன். அன்னிக்குக் கோர்ட்டுப் படி இறங்கும்போதுகூட உங்களை விட்டுக்கொடுக்கல. அவர் கேட்டாரும்மான்னு சொன்னா."

அவர் உடைந்து அழுதார். டார்லாவுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அது அவளுக்கே பிடிக்கவில்லை. அந்தப் பாவத்தை மன்னிப்பாக மாற்ற முடியுமா என்று உள்ளே துழாவிப் பார்த்தாள். கிடைக்கவில்லை. ஆத்திரத்தைத் தேடினாள். அதுவும் எங்கேயோ போயிருந்தது. இரண்டு வருஷமாகக் காத்திருந்தது இதற்கா?

"தப்புப் பண்ணின ஆளோட மூஞ்சியப் பாத்துச் சொல்லுவேன்னு சொல்லியிருக்கீங்க" என்றாள். "அந்த ஆளோட அம்மா மூஞ்சின்னு சொல்லல. தாளைக் குடுங்க. எனக்கு அவ எழுத்து வேணும்."

அவர் கொடுத்தார். அவள் கதவைச் சாத்தினாள், அறைந்து சாத்தவில்லை. கார் கிளம்புகிற சத்தம் கேட்க வெகுநேரம் ஆனது. அதுவரை கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, தாள் நனைந்துவிடாமல் கையைத் தூரமாக நீட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

பதினொன்றரைக்கு அட்டைக் கட்டுகளை எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். போகாமல் இருக்கலாம், யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் மலைப்பக்கத் தெருக்கள் பதினொரு வருஷமாக அவளுடையவை. அவள் கொடுக்காத தெருவில் அவர் தோற்று, அதனால் மசோதாவும் கிடப்பில் போய்விட்டால்? வித்ததுதான் வித்தாகிவிட்டது, பொருளையாவது கைக்குக் கொண்டுவர வேண்டாமா என்று தன்னையே திட்டிக்கொண்டு நடந்தாள்.

ஐந்தாறு வீடு கதவுப் பிடியில் மாட்டிவிட்டு வந்தாள். மரச் சரிவுத் தெருவில் புதிதாகக் குடிவந்த ஒரு பெண் வாசலில் காலணிகளைத் தட்டிக்கொண்டிருந்தாள். அட்டையை வாங்கி மேலிருந்து கீழே படித்தாள்.

"லைல் டாகெட்டைக் கேள்விப்பட்டிருக்கேன். நீதிபதின்னு போட்டிருக்கே, இவர் எப்படி? நல்லவரா?"

டார்லா தெருவைப் பார்த்தாள். பேருந்து நிறுத்தத்துப் பலகைமேல் யாரோ கையுறை ஒன்றை விட்டுப் போயிருந்தார்கள். இந்தக் கேள்விக்கு எல்லாத் தேர்தலிலும், நம்ம ஆள்தான், தைரியமாப் போடுங்க என்று சொல்வாள். அது வாய்க்கு வரவில்லை.

"கேட்கத் தெரிஞ்சவர்னு என் பொண்ணு எழுதியிருக்கா."

"அவங்க வக்கீலா?"

"இல்லம்மா. மருந்துக்கடையில வேலை பாக்குறா" என்றாள் டார்லா. சொல்லிவிட்டு அதைத் திருத்த வாயெடுத்தாள். திருத்தவில்லை.

"அப்ப சரி" என்று அந்தப் பெண் அட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாள்.

டார்லா நன்றி சொல்லிவிட்டு அடுத்த வீட்டுப் படியேறினாள்.